எங்கள் வீட்டு 1948 பிளிமவுத்: வாங்க வருபவர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் எங்கள் பிளிமவுத் காரை விற்கிறோம். இதை நாலு பேரிடம் சொன்ன நாளிலிருந்து போன் ஓயவில்லை. புதுச்சேரி, சென்னை, கோயம்புத்தூர் என்று பல ஊர்களிலிருந்து கூப்பிடுகிறார்கள். கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஆளுக்கு ஒரு மாதிரி பதில் சொல்லி எதையாவது விட்டுவிடக் கூடாது என்பதால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன். அப்பா இந்த வண்டியை 11 வருஷம் இழைத்து இழைத்துச் சரிசெய்தார். அதன் நல்லது, குறை இரண்டும் தெரிந்த ஒருவர் கைக்குத்தான் அது போக வேண்டும்.

என்ன கார்? எந்த வருஷத்து மாடல்?

பிளிமவுத் ஸ்பெஷல் டீலக்ஸ், நாலு கதவு. அமெரிக்காவின் கிரைஸ்லர் கம்பெனி தயாரிப்பு. கம்பெனிக் கணக்கில் இதற்கு பி-15 என்று பெயர். இரண்டாம் உலகப் போர் முடிந்து 1946-ல் வந்த இந்த மாடலை 1949 தொடக்கம் வரை பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல் விற்றார்கள். ஆகவே வெளியே நின்று பார்த்து 46-ஆ, 48-ஆ என்று யாராலும் சொல்ல முடியாது. சீரியல் நம்பர்தான் சொல்லும். எங்களுடையது 48.

மும்பை குர்லாவில் இருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1947 முதல் டாட்ஜ், டிசோட்டோ, பிளிமவுத் வண்டிகளை உதிரிகளாக இறக்கிப் பூட்டி விற்றது. எங்கள் வண்டி அப்படி வந்தது. ஸ்டீயரிங் வலப்பக்கம். ஆறு சிலிண்டர் பிளாட் ஹெட் (வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கவாட்டில் இருக்கும்) பெட்ரோல் இன்ஜின், சுமார் 3,570 சி.சி., 95 குதிரைத்திறன். கியர் மூன்று, கியர் ராடு ஸ்டீயரிங் கழுத்தில். நீளம் 16 அடிக்கு மேல் வரும். வாங்குவதற்கு முன்னால் உங்கள் போர்ட்டிகோவை ஒருமுறை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். ஆசையாக வந்த ஒருவர் இதை அளக்காமல் வந்துவிட்டு, கேட் மூடாது என்று தெரிந்து வருத்தத்தோடு திரும்பிப் போனார்.

பானெட் மூக்கில் ஒரு பாய்மரக் கப்பல் இருக்கும். 1620-ல் இங்கிலாந்தின் பிளிமவுத் துறைமுகத்திலிருந்து அமெரிக்காவுக்குப் போன மேஃபிளவர் கப்பல் அது. தாத்தா காலத்தில் ஊரில் எல்லாக் காரும் 'பிளஷர்'தான். எங்கள் தெருவில் மட்டும் இது 'கப்பல் பிளஷர்'.

இத்தனை ஆசையாகச் செய்த வண்டியை ஏன் விற்கிறீர்கள்?

தாத்தா திருப்பாதிரிப்புலியூரில் மல்லாட்டை (நிலக்கடலை) மண்டி வைத்திருந்தார். 1956-ல் சென்னையில் இதை இரண்டாம் கையாக வாங்கினார். பண்ருட்டி, விருத்தாசலம் என்று களத்துக்குக் களம் போய் வந்த வண்டி. 1979-ல் கொட்டகையில் நிறுத்தியது, 29 வருஷம் அசையவில்லை. அப்பா ரிட்டயர் ஆன பிறகு 2008-ல் ஆரம்பித்து 2019-ல் முடித்தார். 2023-ல் அவர் காலமானார். நான் இருப்பது புதுச்சேரி முதலியார்பேட்டையில், மாடி வீட்டில். தம்பி வெளிநாட்டில். பதினைந்து நாளைக்கு ஒருமுறை கடலூர் போய் இன்ஜினைப் போட்டு ஓட்டிவிட்டு வருகிறேன். அந்தப் பதினைந்து இப்போது இருபத்தைந்து ஆகிறது. ஓடாத வண்டி சும்மா இருப்பதில்லை, உள்ளுக்குள் வீணாகிக்கொண்டே இருக்கும். ஆயில் சீல் காயும், பிரேக் சிலிண்டர் ஒட்டிக்கொள்ளும். 29 வருஷம் நின்றதால் என்ன ஆயிற்று என்பதைக் கண்ணால் பார்த்தவள் நான். இன்னொரு தடவை அது நடக்க விட மாட்டேன். அதனால்தான் விற்கிறேன்.

எல்லாமே ஒரிஜினலா?

இல்லை. எதெது ஒரிஜினல், எதெது இல்லை என்று சொல்கிறேன்.

சேசிஸ், பாடி, இன்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் இவை அனைத்தும் வண்டியோடு வந்தவை. இன்ஜின் நம்பர் பிளாக்கின் இடப்பக்கத்தில் ஒரு சிறு மேடையில் குத்தியிருக்கும், பி-15 என்றுதான் தொடங்கும். சீரியல் நம்பர் முன்கதவுத் தூணில் ஒரு தகட்டில் இருக்கும். இரண்டும் ஆர்.சி.யோடு பொருந்துகின்றன. பழைய வண்டி வாங்கும் எவரும் டார்ச்சும் ஒரு பழைய பல் பிரஷும் எடுத்துப் போக வேண்டும். பிசுக்கைத் தேய்த்துவிட்டு நம்பரை உங்கள் கண்ணாலேயே படியுங்கள், எங்கள் வண்டியிலும் அப்படியே செய்யுங்கள். அறுபது எழுபதுகளில் பெட்ரோல் செலவு தாங்காமல் இந்த அமெரிக்க வண்டிகள் பலவற்றில் டீசல் இன்ஜினை ஏற்றிவிட்டார்கள். தாத்தாவிடமும் சொன்னார்கள். அவர் ஏற்றவில்லை.

இன்ஜினைப் பிரித்துச் சிலிண்டர் போரிங் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டிருக்கிறோம். கிராங்க் கிரைண்டிங் ஒருமுறை ஆகியிருக்கிறது. இதே வயதுச் செவர்லே ஆறு சிலிண்டரில் கனெக்டிங் ராடுக்கு ஒயிட் மெட்டலை உருக்கி ஊற்ற வேண்டும், அந்தக் கை இப்போது அரிது. கிரைஸ்லரில் கழற்றி மாட்டும் ஷெல் பேரிங். அந்த வகையில் இது புண்ணியம் செய்த வண்டி.

இனி மாறியவை. இடப்பக்கப் பின் மட்கார்டு அடியோடு துருப்பிடித்திருந்தது. டிங்கர் மேஸ்திரி புதுத் தகட்டில் கையாலேயே அடித்துச் செய்தார். அவர் வலப்பக்க மட்கார்டின் மேல் பழைய வேட்டியை விரித்து ஈரம் தெளித்து ஒட்டவைத்து, கரியால் வளைவைக் குறித்துக்கொண்டு, அதைத் திருப்பிப் போட்டு இடப்பக்கத்துக்கு அளவெடுத்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வேலை அருமை. ஆனாலும் அது கம்பெனி மட்கார்டு இல்லை. சீட்டுத் துணி ஒரிஜினல் இல்லை, ரெக்சின். பெயின்ட் பி.யூ. (பாலியூரித்தேன்), அந்தக் காலத்து எனாமல் அல்ல. கரும்பச்சை நிறம் மட்டும் டேஷ்போர்டுக்குள் மறைந்திருந்த பழைய பெயின்டைப் பார்த்துக் கலந்தது. இண்டிகேட்டர் விளக்குகள் நாங்கள் பாதுகாப்புக்காக வைத்தவை. முன் கண்ணாடி இரண்டு தட்டையான துண்டுகள் என்பதால் உள்ளூரிலேயே வெட்டிப் போட முடிந்தது.

குரோம் எப்படி இருக்கிறது?

பம்பர்கள் நன்றாக இருக்கின்றன. கிரில்லில் மூன்று பட்டைகள் சுமாராகத்தான் இருக்கின்றன. மசாக் (துத்தநாகக் கலவை) வார்ப்பில் செய்த சின்னப் பாகங்களில் சொட்டை சொட்டையாகப் புள்ளி இருக்கிறது. முதல்முறை பிளேட்டிங்குக்குக் கொடுத்த இடத்தில் இரும்புக்குப் போடும் ஆசிட்டிலேயே மசாக்கையும் முக்கிவிட்டார்கள். கதவுக் கைப்பிடி ஒன்று கரையான் அரித்த மரம் போல வந்தது. அதைத் தூக்கிப் போடாமல் ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன், வேண்டுமானால் காட்டுகிறேன். மசாக் என்று தெரிந்தால், இரும்பு ஆசிட்டில் முக்க மாட்டார்கள் என்று கடையில் வாயால் கேட்டு உறுதி செய்துகொண்டு கொடுங்கள்.

பட்டி எவ்வளவு பூசியிருக்கிறீர்கள்? காந்தம் வைத்துப் பார்க்கலாமா?

தாராளமாக. பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் காந்தம் சரியாக ஒட்டாது. பெயின்டில் கீறாமல் இருக்கக் காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வாருங்கள். கதவுகள், பானெட், டிக்கி எல்லாவற்றிலும் நன்றாக ஒட்டும். கூரையின் நடுவில் ஓரடிக்கு இரண்டடி அளவில் பலமாக ஒட்டாது. 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது கொட்டகையின் கல்நார் ஷீட்டும் அதன்மேல் ஒரு முருங்கைக் கிளையும் கூரைமேல் விழுந்தன. உள்பக்கமிருந்து தட்டி எடுத்தோம். முழுதாக எடுபடவில்லை. மிச்சத்துக்குப் பட்டி. அதற்கு மேல் வண்டியில் பெரிய பட்டி கிடையாது.

கடலூர் வண்டி என்றால் வெள்ளத்தில் மூழ்கியிருக்குமே?

2015 வெள்ளத்தில் தண்ணீர் கொட்டகை வாசலோடு நின்றது. 2024-ல் உள்ளே வந்தது. நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. இங்கே நாங்கள் தப்பித்தோம் என்று நினைத்தோம். இரண்டு நாள் கழித்துத் தென்பெண்ணையில் மேலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் வந்தது. நான் முதலியார்பேட்டையில் மாட்டிக்கொண்டேன். மெக்கானிக் அண்ணன்தான் இடுப்பளவு தண்ணீரில் தெருவைக் கடந்து போய், ஜாக்கி போட்டு நாலு சக்கரத்துக்கும் கீழே இரண்டிரண்டு சிமென்ட் கல் வைத்துத் தூக்கினார். பேட்டரியையும் கழற்றினார். கொட்டகைத் தரை மேடு என்பதால் உள்ளே தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான். வண்டியில் அது பிரேக் டிரம்மின் பாதி வரையும் டிஃபரன்ஷியல் வரையும் ஏறியது. இன்ஜின், சீட்டு, டேஷ்போர்டு, வயரிங் இவற்றைத் தொடவில்லை. கொட்டகைச் சுவரில் சேற்றுக்கோடு இன்னும் இருக்கிறது. அதன் பக்கத்தில் வண்டியை நிறுத்தி நீங்களே உயரம் பார்க்கலாம்.

தண்ணீர் வடிந்ததும் டிஃபரன்ஷியல் ஆயிலை இறக்கினோம். பால் கலந்த காப்பி மாதிரி வந்தது. இரண்டு தடவை புது ஆயில் ஊற்றி ஓட்டி இறக்கி, மூன்றாவது தடவை ஊற்றியதுதான் இப்போது உள்ளது. சக்கர பேரிங்குகளைக் கழுவிப் புது கிரீஸ் அடைத்தோம். பிரேக் ஷூ மாற்றினோம். புளோருக்கு அடியில் துரு எடுத்து மறுபடியும் அண்டர்கோட் அடித்தோம். ஒவ்வொன்றுக்கும் போட்டோவும் பில்லும் தேதியோடு இருக்கின்றன. வெள்ளத்தில் நனைந்ததை மறைத்து விற்கும் வண்டிகளுக்கு இந்தக் கடற்கரையில் பஞ்சமில்லை. ஆகவே எந்த வண்டியானாலும் கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள், சீட்டு ஸ்பிரிங்கைப் பாருங்கள், ஹெட்லைட் கிண்ணத்துக்குள் மண் படிவு இருக்கிறதா பாருங்கள்.

பேப்பர் எல்லாம் சரியாக இருக்கிறதா?

இருக்கிறது. 1956-ல் தாத்தா பெயருக்கு மாற்றிய பழைய ஆர்.சி. புத்தகமே இருக்கிறது. அப்போது கடலூர் தென்னாற்காடு மாவட்டத்தின் தலைநகர். மாவட்டம் 1993-ல்தான் இரண்டாகப் பிரிந்தது. ஆகவே சீலில் தென்னாற்காடு என்று இருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் வாகனங்களுக்குத் தனிப் பிரிவு கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும், சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பவை நிபந்தனைகள். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், சான்று 10 வருஷத்துக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000. புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு மாநில எழுத்தையடுத்து வி.ஏ. என்று வரும் நம்பர் கொடுப்பார்கள். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். அப்பா 2022-ல் இந்தப் பிரிவில் பதிந்தார். தாத்தா காலத்து நம்பர் அப்படியே இருக்கிறது. அந்த நம்பருக்காகத்தான் அப்பா அத்தனை தடவை ஆபீஸ் படி ஏறினார்.

அப்பா போன பிறகு வாரிசு மாற்றம் செய்து வண்டி இப்போது என் பெயரில். இதை இங்கே குறிப்பிடக் காரணம் இருக்கிறது. ஓனர் இறந்துவிட்டால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் 31-ம் எண் படிவத்தில் வாரிசு விண்ணப்பிக்க வேண்டும். பல வீடுகளில் இதைச் செய்யாமல் தாத்தா பெயரிலேயே ஆர்.சி.யை வைத்துக்கொண்டு விற்கப் பார்க்கிறார்கள். அப்படிப்பட்ட வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போடும் வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். எங்கள் வண்டிக்குத் தம்பியின் ஒப்புதல் கடிதமும் இருக்கிறது.

விற்றதும் பெயர் மாற்றம் யார் பொறுப்பு?

இரண்டு பேர் பொறுப்பும்தான். 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போட்டுத் தருவேன். புதுச்சேரிக்காரர் வாங்கினால் கடலூரிலிருந்து தடையின்மைச் சான்றும் வேண்டும், அதற்கு 28-ம் படிவம். கன்னியக்கோயில் எல்லை இருபது நிமிஷத்தில் வந்துவிடும் என்றாலும் பேப்பர்படி அது வேறு மாநிலத்துக்குப் போகும் வண்டிதான். விண்டேஜ் பதிவு என்பதால், விற்றவரும் வாங்கியவரும் 90 நாளுக்குள் அவரவர் மாநிலப் போக்குவரத்து ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

பெயர் மாற்றம் முடியும் வரை வண்டியைக் கொடுக்க மாட்டேன், இதில் தயவு தாட்சண்யம் இல்லை. ஆர்.சி.யில் பெயர் யாருடையதோ அவரே ஓனர், விபத்து நடந்தால் நஷ்டஈட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து வண்டியையும் கொடுத்துவிடும் பழக்கம் நம் ஊரில் சகஜம். யாராக இருந்தாலும் அதைச் செய்யாதீர்கள்.

கல்யாணத்துக்கும் ஷூட்டிங்குக்கும் வாடகைக்கு விடலாமா?

கூடாது. விண்டேஜ் பதிவில் உள்ள வண்டியைக் கண்காட்சிக்கும் விண்டேஜ் ராலிக்கும் தொழில்நுட்ப ஆய்வுக்கும், பெட்ரோல் போடவும் ரிப்பேருக்கும்தான் ரோட்டில் எடுக்கலாம். வருமானத்துக்கு ஓட்டக் கூடாது. புதுச்சேரியில் சினிமா ஷூட்டிங் நிறைய நடப்பதால் இந்த எண்ணத்தோடு பலர் பேசுகிறார்கள். அவர்களுக்கு இது சரியான வண்டி இல்லை.

தினமும் ஆபீஸுக்கு எடுத்துப் போகலாமா?

அதுவும் கூடாது, மேலே சொன்ன அதே விதி.

எங்கள் ஓட்டல் வாசலில் அழகுக்கு நிறுத்தக் கேட்கிறோம். தருவீர்களா?

புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுப் பகுதியான வெள்ளை நகரத்திலிருந்து இப்படி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மஞ்சள் சுவர், போகன்வில்லா, முன்னால் கரும்பச்சைக் கார். படம் அழகாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் கடற்கரைச் சாலையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, உப்புக் காற்றில், வெயிலில், ஓடாமல் நிற்கும் வண்டி எத்தனை வருஷம் தாங்கும்? முதலில் குரோம் பொரியும், பிறகு கதவின் அடி ஓரம் ஊதும், அதற்குப் பிறகு யாரும் பானெட்டைத் திறந்தே பார்க்க மாட்டார்கள். மூடிய ஷெட்டும், மாதம் இருமுறை இன்ஜினைச் சூடாக்கும் ஆளும் உண்டு என்று காட்டினால் பேசலாம். இல்லையென்றால் கூடுதல் விலைக்கும் தர மாட்டேன்.

ஏசி வைக்கலாமா? டீசல் இன்ஜின் மாற்றலாமா?

இன்ஜினை மாற்றினால் விண்டேஜ் பதிவே போய்விடும். ஏசி வேண்டுமென்றால் தயவுசெய்து வேறு கார் பாருங்கள். இதில் முன் கண்ணாடிக்குக் கீழே ஒரு காற்றுவாய் இருக்கிறது. ஓடும்போது திறந்துவிட்டால் போதும்.

ஓட்டுவதில் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

முதல் கியரை வண்டி முழுதாக நின்ற பிறகுதான் போட வேண்டும். அதில் சிங்க்ரோ (கியர் பற்களின் வேகத்தை ஒன்றாக்கும் அமைப்பு) கிடையாது, ஓட்டத்தில் போட்டால் பல் அலறும். ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, கியர்பாக்ஸின் பின்னால் சுழலும் டிரம்மைப் பிடிக்கிறது. நிறுத்தி வைக்க மட்டுமே அது. ஓடும்போது இழுக்காதீர்கள். கால் பிரேக் நாலு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக். ஆனால் ஒரே லைன். எங்காவது ஒரு குழாய் உடைந்தால் நாலுமே போய்விடும். இன்றைய கார்களில் இருப்பது போல இரண்டு லைன் இல்லை. பிரேக் குழாய்கள் அனைத்தையும் புதிதாகப் போட்டிருக்கிறோம். இருந்தாலும் ஒவ்வொரு முறை எடுக்கும் முன்னும் பெடலை ஒருதரம் அழுத்திப் பார்ப்பது அப்பாவின் வழக்கம், இப்போது என்னுடையதும். லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டருக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

பஞ்சர் ஆனால் பக்கத்துக் கடையில் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், பக்கத்திலேயே நீங்கள் நிற்க வேண்டும். கிரைஸ்லர் வண்டிகளில் இடப்பக்கச் சக்கரங்களின் போல்ட் எதிர்மரை. அதாவது மற்ற போல்ட்டுகளை இறுக்கும் பக்கமாகத் திருப்பினால்தான் இவை கழலும். வண்டி ஓடும் வேகத்தில் தானாகக் கழலாமலிருக்க அந்தக் காலத்தில் செய்த ஏற்பாடு. 2019-ல் முதல் ஓட்டத்திலேயே இடப்பக்கப் பின் டயரில் ஆணி. நாங்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் கடைப் பையன் வழக்கம்போலக் கழற்றப் பார்த்தான். அசையவில்லை என்று நீளக் குழாயைச் செருகி ஏறி மிதித்தான். இரண்டு போல்ட் முறிந்தது. பையன்மேல் தப்பில்லை, சொல்லாதது எங்கள் தப்பு. அதன்பின் இடப்பக்க வீல் கப் உள்ளே 'எதிர்மரை' என்று சிவப்புப் பெயின்டில் அப்பா எழுதி வைத்திருக்கிறார். அதை அழிக்காதீர்கள்.

பேட்டரி எது?

6 வோல்ட். அதைவிட முக்கியம், இதில் பாடியோடு சேர்வது பிளஸ் முனை. இப்போதைய வண்டிகளில் மைனஸ்தான் பாடியில் இருக்கும். எலக்ட்ரீஷியன் பழக்க தோஷத்தில் மாற்றிக் கொடுத்துவிடுவார். வேறு காரின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து வயர் போட்டு ஸ்டார்ட் செய்யவும் கூடாது. 12 வோல்ட்டுக்கு மாற்றச் சொல்லிப் பலர் யோசனை சொன்னார்கள். தடித்த வயரும் சுத்தமான எர்த்தும் இருந்தால் 6 வோல்ட்டே போதும். காலையில் இரண்டாவது சுற்றிலேயே பிடிக்கும், வந்து பாருங்கள்.

இப்போதைய பெட்ரோல் ஒத்துக்கொள்ளுமா?

காரீயம் இல்லாத பெட்ரோலால் சிக்கல் வந்ததில்லை. எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுகளைக் கம்பெனியே கெட்டி உலோகத்தில் தனியாகப் பதித்துக் கொடுத்திருக்கிறது. கவலை எத்தனாலைப் பற்றித்தான். இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைத் தின்றுவிடுகிறது. பெட்ரோல் பம்ப் டயாஃப்ரமையும் ஹோஸ்களையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிட்டோம். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்கைக் காலி செய்துவிடுங்கள்.

உதிரி பாகம் எங்கே கிடைக்கும்?

பயப்படும் அளவுக்குக் கஷ்டமில்லை. பிரீமியர் பூட்டிய டாட்ஜும் டிசோட்டோவும் இதன் உடன்பிறப்புகள். பல பாகங்கள் பொதுவானவை. இந்த ஆறு சிலிண்டர் இன்ஜின் குடும்பத்தை 1959 வரை கிரைஸ்லர் தன் கார்களில் போட்டது. சென்னை புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் அப்பா பல சாமான்களைப் பொறுக்கி எடுத்தார். கேஸ்கெட் செட்டும் பிரேக் கிட்டும் அமெரிக்காவிலிருந்து வரவழைத்தார். மிச்சமாக இரண்டு மரப்பெட்டி நிறையச் சாமான் இருக்கிறது: டிஸ்ட்ரிபியூட்டர் மூடி இரண்டு, வாட்டர் பம்ப் ஒன்று, கார்பரேட்டர் ஒன்று, அந்த முறிந்த போல்ட்டுகளுக்கு மாற்று எட்டு. எல்லாமே வண்டியோடு சேரும், தனி விலை இல்லை.

விலை என்ன?

நேரில் வண்டியைப் பார்த்த பிறகு ஒரே விலை சொல்வேன். போனில் சொல்லாததற்குக் காரணம், போனில் கேட்பவர் விலையை வேறொரு வண்டியோடு ஒப்பிடுவார், அந்த வண்டி எந்த நிலையில் இருக்கிறதென்று இருவருக்கும் தெரியாது. அப்பா செலவுக் கணக்கை மூன்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். ஆறு ரூபாய் நட் முதல் லேத் கூலி வரை அதில் இருக்கிறது. அந்தக் கூட்டுத்தொகை விலையில் முழுதாகத் திரும்பி வராது என்பது எனக்குத் தெரியும், கேட்கவும் இல்லை. செடான் என்பதால் திறந்த மாடல்களுக்குக் கிடைக்கும் விலை இதற்குக் கிடையாது. கையால் செய்த மட்கார்டு, கூரைப் பட்டி, 2024 தண்ணீர் மூன்றையும் கழித்துத்தான் விலை வைத்திருக்கிறேன். வண்டியோடு வந்த இன்ஜின், தொடர்ச்சி அறாத பேப்பர், பழைய நம்பர் மூன்றும் அதை மேலே தூக்குகின்றன. வேறு காரோடு மாற்றிக்கொள்வதில்லை. பாகம் பாகமாகப் பிரித்து விற்பதும் இல்லை.

பணம் எப்படிக் கொடுப்பது? வரி உண்டா?

முழுவதும் பேங்க் வழியாக. ஒரே விற்பனைக்கு 2 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. ரொக்கத்தை வாங்கியவருக்கு அதே அளவு அபராதம். 'பாதி வெள்ளை பாதி கறுப்பு' என்று பேசுபவரோடு மேலே பேச மாட்டேன். அட்வான்ஸுக்கு ஸ்கேன் செய்யச் சொல்லி க்யூ.ஆர். படம் அனுப்பினார் ஒருவர். பணம் வாங்க ஸ்கேன் தேவையில்லை, ஸ்கேன் செய்தால் நம் பணம்தான் போகும். விற்பவர்கள் கவனமாக இருங்கள்.

வரி என்னுடைய பொறுப்பு, உங்களுடையது அல்ல. இருந்தாலும் பழைய கார் வைத்திருப்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். சொந்த உபயோகத்துக் கார் மூலதனச் சொத்தில் சேராது, ஆகவே விற்ற லாபத்துக்கு வரி இல்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். மும்பை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு போனது. 1931 ஃபோர்டு கார், 1983-ல் 20,000 ரூபாய்க்கு வாங்கி 1991-ல் 21 லட்சத்துக்கு விற்றது. அந்தக் காரை விற்றவர் சொந்தமாக உபயோகித்ததற்கு ஆதாரம் இல்லை என்று 2025-ல் தீர்ப்பு அவருக்கு எதிராகப் போயிற்று. உபயோகிக்கக்கூடிய கார் என்பது போதாது, உபயோகித்ததாகக் காட்ட வேண்டும். ஆகவே பெட்ரோல் பில், ரிப்பேர் பில், இன்ஷூரன்ஸ் எதையும் கிழித்துப் போடாதீர்கள். எங்கள் ஆடிட்டர் அப்பாவின் மூன்று நோட்டையும் பார்த்துவிட்டு அவற்றைப் பத்திரமாகப் பூட்டி வைக்கச் சொன்னார்.

வெளிநாட்டில் இருக்கிறேன், அனுப்பி வைப்பீர்களா?

இல்லை. 1950-க்கு முன் தயாரான மோட்டார் வண்டிகளை ஏற்றுமதி செய்யக் கட்டுப்பாடு இருக்கிறது, லைசென்ஸ் வேண்டும். அது இருந்தாலும் இந்த வண்டி இந்த ஊர்ப் பக்கமே இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

பார்க்க வரும்போது என்ன செய்ய வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வாருங்கள். உங்கள் மெக்கானிக்கையும் கூட்டி வாருங்கள். முந்தின நாள் நான் வண்டியைத் தொட மாட்டேன். பானெட்டில் கை வைத்துப் பாருங்கள், இன்ஜின் சில்லென்று இருக்க வேண்டும். பழைய வண்டியின் குணம் முதல் ஸ்டார்ட்டில்தான் தெரியும். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் ஏதோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம். ஸ்டார்ட் ஆனதும் புகையின் நிறத்தைப் பாருங்கள். சைடு வால்வு இன்ஜின் நன்றாக இருந்தால் தையல் மெஷின் மாதிரி மெல்ல ஓடும். எங்கள் வண்டியில் சூடான பிறகு நாலாவது டேப்பெட் (வால்வைத் தூக்கும் பாகம்) லேசாகச் சத்தம் போடும். அதை நானே சொல்லிவிடுகிறேன். ஓட்டிப் பார்ப்பது பெட்ரோல் பங்க் போய்வரும் தூரம்தான். இன்ஷூரன்ஸ் இருக்கிறது. ஸ்டீயரிங்கில் மெக்கானிக் அண்ணன் இருப்பார், பிறகு எங்கள் காம்பவுண்டுக்குள் நீங்கள் ஓட்டலாம்.

வாங்கினால் எப்படிக் கொண்டுபோவது?

தட்டையான ரெக்கவரி லாரியில். கயிறு கட்டி இழுக்க வேண்டாம். அச்சில் கட்டுங்கள், பம்பரில் சங்கிலி போட்டால் பம்பர் வளையும்.

அந்தக் கப்பலை மட்டும் தனியாகத் தருவீர்களா?

இதையும் இரண்டு பேர் கேட்டார்கள், ஒருவர் நல்ல விலையும் சொன்னார். தர மாட்டேன். பிளேட்டிங் கடை சம்பவத்துக்குப் பிறகு அப்பா அந்தக் கப்பலை யாரிடமும் கொடுக்கவில்லை. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்க வந்த என்னையும் தடுத்துவிட்டு, மெல்லிய பருத்தித் துணியில் மெழுகு தொட்டு அவரே துடைப்பார். அந்தத் துணி டேஷ்போர்டு அறையில் மடித்தபடி இருக்கிறது. வண்டியோடு அதுவும் வரும்.